மின்சாரம் நின்றாலும் எழுத்து நிற்கும்

மின்னூல் ஒத்துவராது என்று சொல்கிறவர்களில் பலர் அதைக் கைபேசியில் மட்டுமே படித்துப் பார்த்திருப்பார்கள். கைபேசித் திரை தானே ஒளிர்வது. அந்த ஒளி நேரே கண்ணுக்கு வருகிறது. அச்சுத்தாள் ஒளிர்வதில்லை, அறையின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மின்னூல் படிப்பதற்கென்றே செய்த கிண்டில், கோபோ போன்ற இ-ரீடர்களின் திரையும் அப்படித்தான் வேலை செய்கிறது. கைபேசி அனுபவத்தை வைத்து இ-ரீடரை எடைபோடுவது நியாயமில்லை.

இந்தத் திரைக்கு மின்தாள் என்று பெயர். அதைக் குறுக்கே வெட்டினால் மூன்று அடுக்குகள் தெரியும். மேலே ஒளி ஊடுருவும் மின்முனைப் படலம். கீழே, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு டிரான்சிஸ்டர் பதித்த தகடு. நடுவே நெருக்கமாகப் பரப்பிய நுண்குமிழ்கள். தலைமுடியின் தடிமனைத் தாண்டாதவை. குமிழுக்குள் நிறமற்ற எண்ணெய், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள். வெள்ளை என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டிலும் இதுதான். இரண்டு நிறத் துகள்களுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். ஒரு பிக்சலுக்குக் கீழே 15 வோல்ட் அளவுக்கு ஒரு திசையில் அழுத்தம் கொடுத்தால் கறுப்பு மேலேறும். திசையை மாற்றினால் வெள்ளை மேலேறும். எது மேலே நிற்கிறதோ அதுதான் நம் கண்ணில் படும்.

யோசனை பழையது. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் நிக் ஷெரிடன் 1970களிலேயே, ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான நுண்ணுருண்டைகளைச் சுழற்றிப் பார்த்தார். இன்றைய குமிழ் வடிவம் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சனின் குழுவிடமிருந்து வந்தது. 1997இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கியது. 1998இல் 'நேச்சர்' இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியானது. இந்தத் திரையோடு 2004இல் ஜப்பானில் சோனியின் லிப்ரியே விற்பனைக்கு வந்தது, 2007இல் கிண்டில் வந்தது.

மேலேறிய துகள், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்கும் என்பதுதான் இதில் முக்கியம். பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் தேவை. நீங்கள் அதைப் படித்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடமும் திரைக்குச் செலவே இல்லை. சிறிய பேட்டரியிலேயே வாரக்கணக்கில் ஓடும் ரகசியம் இதுதான். பேட்டரியைத் தின்பவை, திரைமேல் ஒளி பாய்ச்சும் முன்விளக்கும் வைஃபையும். ஒரே நேரத்தில் நூறு புத்தகத்தை ஏற்றினாலும் சார்ஜ் மளமளவென்று இறங்கும். தேடலுக்காக ஒவ்வொரு நூலையும் சாதனம் பின்னணியில் அட்டவணைப்படுத்துகிறது. அன்று மட்டும் சார்ஜரில் போட்டுவைத்தால் போதும். இன்னொரு குழப்பமும் உண்டு. பேட்டரி முழுக்கத் தீர்ந்த சாதனத்திலும் கடைசிப் படம் அப்படியே நிற்பதால், கருவி உறைந்துவிட்டது என்று நினைத்துப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஒரு மணி நேரம் சார்ஜ் போடுங்கள். பிறகும் அசையாவிட்டால் பவர் பொத்தானை 40 நொடி அழுத்திப் பிடியுங்கள்.

நின்ற இடத்தில் நிற்கும் இந்தக் குணமே தொல்லையும் தருகிறது. கறுப்பு, வெள்ளை, இடையில் சாம்பல் என்று திரையில் 16 நிலைகள். இந்த இடைநிலைகளை நேரடியாக எழுத முடியாது. துகள் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது, எந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்று பார்த்து, அதற்கேற்ற மின்துடிப்பு வரிசையை ஓர் அட்டவணையிலிருந்து எடுத்து அனுப்புகிறது கட்டுப்பாட்டுச் சில்லு. ஒரு முழு மாற்றத்துக்கு ஏறத்தாழ அரை நொடி ஆகும். கணக்கு லேசாகப் பிசகினாலும் முந்தைய பக்கத்தின் நிழல் மங்கலாகத் தங்கிவிடும். அதைத் துடைக்கத்தான் திரை அவ்வப்போது கறுத்து வெளுத்து ஒரு தடவை மின்னுகிறது. புதிதாக வாங்கியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துப் பதறுவார்கள். ஒரு திசையிலேயே தொடர்ந்து அழுத்தம் கொடுத்தால் மின்னூட்டம் தேங்கிக் கறை நிலைத்துவிடும்; அதைச் சமன் செய்யவும் இந்த மின்னல் வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுப் புதுப்பிப்பு என்ற தெரிவு அமைப்புகளில் இருக்கும். எழுத்து மட்டுமுள்ள நாவலுக்கு அது தேவையில்லை; படங்கள் நிறைந்த நூலில் போட்டுக்கொள்ளலாம்.

குளிரில் நிழல் அதிகமாகும். எண்ணெய் கெட்டிப்பட்டுத் துகள்கள் மெதுவாக நகர்வதே காரணம். சாதனத்துக்குள் வெப்பநிலை உணரி இருக்கிறது, அதைப் பார்த்துக் கட்டுப்பாட்டுச் சில்லு துடிப்புகளை நீட்டிக்கொடுக்கும். ஆனாலும் உறைநிலைக்குக் கீழே ஒழுங்காக ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மின்தாள் உண்மையில் தாள் அளவுக்கு வெள்ளை இல்லை. தன்மேல் விழும் வெளிச்சத்தில் பாதியைக்கூட அது திருப்பித் தருவதில்லை. நல்ல அச்சுத்தாள் முக்கால் பங்குக்கு மேல் தரும். வெயிலில் இந்தக் குறை தெரியாது, மங்கலான அறையில் பக்கம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அதற்காகத்தான் முன்விளக்கு. ஓரத்தில் இருக்கும் எல்.இ.டி.களின் ஒளி, மேலே ஒட்டிய மெல்லிய தகட்டின் வழியே பரவி, கீழ்நோக்கி எழுத்தின் மேல் விழுந்து திரும்புகிறது. பகலில் அதைச் சுழியத்தில் வைக்கலாம். இரவில், பக்கம் ஒளிர்வதாகத் தோன்றினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். வண்ண மின்தாளில் பரவலான வகை, இதே கறுப்பு-வெள்ளைத் திரைக்கு மேல் வண்ண வடிகட்டி ஒட்டியது. கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150தான். வடிகட்டி வேறு வெளிச்சத்தை விழுங்கும். நாவல் படிக்க அது வீண்.

தமிழுக்கு இந்தப் புள்ளிக் கணக்கு முக்கியம். 300 புள்ளித் திரையில் 10 பாயின்ட் எழுத்துக்கு 42 பிக்சல் உயரம் கிடைக்கும். 167 புள்ளியுள்ள பழைய திரைகளில் 23தான். ணை, ஞ, ஔ போன்றவற்றின் சுழிகள் அங்கே அடைபட்டுவிடும். எழுத்துரு பிடிக்காவிட்டால் கிண்டிலிலும் கோபோவிலும் யூனிகோடு எழுத்துருக் கோப்பை 'பான்ட்ஸ்' அடைவில் போட்டு மாற்றிக்கொள்ளலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் இருபுறமும் சமன் செய்தால் வரிகளுக்குள் பொத்தல் பொத்தலாக இடைவெளி விழும். இடப்பக்கச் சீர்மையை வைத்துக்கொள்வது நல்லது.

மின்னூல்களுக்கான ஈபப் கோப்பு என்பது வலைப்பக்கங்களை ஒரு ஜிப்பில் கட்டிவைத்தது போன்றது. திரைக்கும் எழுத்தளவுக்கும் ஏற்ப வரிகள் தாமாக மடங்கும். பி.டி.எஃப். அப்படி மடங்காது. ஏ4 பக்கத்தின் அகலம் 210 மி.மீ.; 6 அங்குல இ-ரீடர் திரையின் அகலம் 91 மி.மீ. மூலத்தில் 11 பாயின்ட் எழுத்து, திரையில் 4.8 பாயின்ட்டாகச் சுருங்கும். இருபுறமும் 25 மி.மீ. வெற்று ஓரத்தை வெட்டினால் 6.3 ஆகும். சாதனத்தைப் படுக்கவாட்டில் திருப்பினால் 8.4, இது படிக்க முடிகிற அளவு. பழைய தமிழ் பி.டி.எஃப்.களில் இன்னொரு சிக்கல்: யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் செய்தவை பார்வைக்குத் தமிழாக இருந்தாலும் உள்ளே ஆங்கிலக் குறியீடுகள். ஈபப்பாக மாற்றினால் குப்பையாகத்தான் வரும். முதலில், பழைய குறியீட்டை யூனிகோடாக்கும் மாற்றி வழியாக அனுப்ப வேண்டும். ஈபப்பைக் கேபிள் மூலம் கிண்டிலில் நகலெடுத்தால் நூலகத்தில் தெரியாது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்ப வேண்டும்.

அச்சிலிருந்து இ-ரீடருக்கு எந்தப் புத்தகத்தை முதலில் மாற்றுவது? ஆன் மேங்கனும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேரில் பாதிப்பேர் ஒரு நீண்ட கதையை அச்சிலும் மற்றவர்கள் கிண்டிலிலும் படித்தார்கள். புரிதல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தது. எந்த நிகழ்ச்சி எப்போது நடந்தது என்பதில் மட்டும் கிண்டில் வாசகர்கள் தடுமாறினார்கள். கையில் இடப்பக்கம் தடித்துக்கொண்டே போவதும் வலப்பக்கம் மெலிவதும் நினைவுக்குப் பிடிமானமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அச்சையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வந்த பகுப்பாய்விலும், தகவல் நூல்களில் அச்சு முந்தியது, கதைகளில் வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே ஒருமுறை படித்து முடிக்கும் நாவல், சிறுகதைத் தொகுப்பு, கையில் கனக்கும் தடித்த நூல்கள் முதலில் போகலாம். முன்னும் பின்னும் புரட்ட வேண்டிய இலக்கணம், அகராதி, வரைபடம், பாடநூல் தாளிலேயே இருக்கட்டும். தேடல் வசதி உண்டே என்று கேட்கலாம். தேடுவதற்குச் சொல் நினைவிருக்க வேண்டும், புரட்டுவதற்கு அது வேண்டாம். பைக்குள் வைக்கும்போது கெட்டி அட்டையுள்ள உறையைப் போட்டு, திரைப்பக்கம் கனமான பொருள் படாமல் வையுங்கள். பெரும்பாலான சாதனங்களில் டிரான்சிஸ்டர் தகடு மெல்லிய கண்ணாடி. அது உடைந்தாலும் மேலேயுள்ள பிளாஸ்டிக் முழுதாகவே இருக்கும். திரையில் கோடுகள் ஓடியும், ஒரு மூலை மட்டும் பழைய பக்கத்திலேயே நின்றும்தான் விரிசல் தெரியவரும். அதன்பின் திரையையே மாற்ற வேண்டியதுதான்.