கட்டைவிரலில் விபூதி

“சனிக்கிழமை அப்பாவுடன் மாங்காய் மண்டியில் கூடை தூக்குவேன். ஞாயிறு முழுக்க நண்பர்களோடு செல்போனில் துப்பாக்கிச் சண்டை. ஆட்டத்துக்கு முன் கட்டைவிரல்களில் விபூதி பூசிக்கொண்டால் குறி தப்புவதே இல்லை. சாமி சக்தி என்கிறார் பாட்டி. உண்மையா சார்?” காவேரிப்பட்டணத்திலிருந்து பிளஸ் 1 மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

விபூதி வேலை செய்கிறது, தம்பி. பாட்டி சொல்லும் காரணத்தோடுதான் எனக்குத் தகராறு.

மின்தேக்கி உங்களுக்கு அடுத்த ஆண்டுதான் பாடத்தில் வரும். இப்போதைக்கு இது போதும்: இரண்டு கடத்திகளை ஒட்டாமல் அருகருகே வைத்தால் மின்னூட்டத்தைச் சேமிக்கலாம். செல்போன் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடமும் ஒரு குட்டி மின்தேக்கி; மொத்தத் திரையும் ஒரு புள்ளிக் கோலம். விரலும் கடத்திதான். அது நெருங்கும்போது, அங்குள்ள மின்னூட்டம் தன்னைச் சுற்றி விரிக்கும் மின்புலத்தில் கொஞ்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எந்தப் புள்ளியில் எவ்வளவு குறைந்தது என்று உள்ளே இருக்கும் சில்லு நொடிக்குப் பல பத்து முறை, விளையாட்டுக்கென்றே வரும் செல்போன்களில் நூற்றுக்கணக்கான முறை, கணக்கெடுக்கிறது. 1965-இல் இங்கிலாந்தின் மால்வர்ன் ராடார் ஆய்வகத்தில் இ.ஏ. ஜான்சன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை மனத்தில் வைத்து எழுதிய யோசனை இது. ராடாருக்குக் கொடுத்த பணம் உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கிறது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் “இதனால் என்ன லாபம்” என்று உடனே கேட்பவர்களை ஒரு நாள் செல்போனைத் தொடாமல் இருக்கச் சொல்ல வேண்டும்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் புள்ளிகளுக்கு இடையே சுமார் 4 மி.மீ. இடைவெளி இருக்கிறது. உங்கள் விரலோ அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் துப்பாக்கி முனை நகர்கிறது. இது எப்படி?

மண்டிக்குப் போவோம். ஒரு மூங்கில் கழியில் 4 அடி இடைவெளியில் மூன்று கூடைகள். இடது கூடையில் 20 கிலோ, நடுக்கூடையில் 60, வலது கூடையில் 40. கழியை எங்கே தோளில் வைத்தால் சாயாமல் நிற்கும்? நடுக்கூடையிலிருந்து வலப்பக்கம் சற்றுத் தள்ளி. கணக்குப் போட்டால், இடது கூடையிலிருந்து 4.67 அடி. சில்லும் இதையேதான் செய்கிறது. கட்டைவிரல் தடிமனானது, ஒரே நேரத்தில் மூன்று, நான்கு புள்ளிகளைத் தொந்தரவு செய்கிறது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைந்ததோ அதை எடையாக வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்தால், கோடே இல்லாத இடத்திலும் விரல் இருப்பது துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. ஊசிமுனை போன்ற விரல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே நடக்காது. தடித்த விரலால்தான் துல்லியம்! முதன்முதலில் இதைப் படித்த அன்று நான் என் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வியர்வைக்கு வருவோம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். விரலின் இடது ஓரத்தில் வியர்வை படர்ந்தால், யாரோ இடது கூடையில் 30 கிலோ மாங்காயைக் கூடுதலாகக் கொட்டியது போல. சமநிலைப் புள்ளி 4.67-இலிருந்து 3.73-க்கு நகர்ந்துவிடும். திரையில் அது ஏறக்குறைய 1 மி.மீ. விரல் அசையவில்லை, குறி மட்டும் போயிற்று. போதாததற்கு, ஈரத்தோல் கண்ணாடியில் ஒட்டி ஒட்டி வழுக்கும்.

விபூதி நுண்ணிய உலர்ந்த சாம்பல். ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. கூடைகளில் எடை சரியாக நிற்கிறது. முகப்பவுடர் பூசும் விளையாட்டுக்காரர்களுக்கும், கடத்தும் இழை வைத்து நெய்த விரலுறை மாட்டுகிறவர்களுக்கும் இதே பலன் கிடைக்கிறது. ஆனால் சாம்பல் போட்டுத்தானே முன்பு பாத்திரம் தேய்த்தோம்? திரையின் மேல் பூச்சும் மெல்லத் தேயும்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள் என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்ட வேண்டும். தங்கை சீட்டுக் குலுக்கிப் போட்டு விபூதியோ பவுடரோ தடவ வேண்டும். எது என்பதை அவர் மட்டும் குறித்துவைக்க வேண்டும். 20 ஆட்டம். பதில் வந்துவிட்டது: “ஆறு ஆட்டத்தோடு நின்றுவிட்டது சார். ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் கேட்கிறாள்.”