ஓடாதவற்றையும் ஓட வைக்கும் சொல்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர், 'ரன்' என்ற ஒற்றை வினைச்சொல்லின் பதிவைத் திருத்தி எழுத ஒன்பது மாதங்கள் எடுத்துக்கொண்டார். 2011இல் அந்தச் செய்தி வெளிவந்தபோது, பெயர்ச்சொல்லாக வரும் இடங்களை விட்டுவிட்டு, வினையாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள் கணக்காகியிருந்தன. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு என்ற பெருமை 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. அதை 'ரன்' முந்திவிட்டது.

இந்த எண்ணிக்கையைக் கண்டு மலைப்பதற்கு முன், அது எப்படி எண்ணப்பட்டது என்று கேட்பது நல்லது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான வேர்ட்நெட் என்னும் சொற்களஞ்சியம் இதே வினைக்கு 41 பொருள்களே தருகிறது. இரண்டில் ஒன்று தவறு என்று சொல்ல முடியாது. குதிரை ஓடுவதும் மனிதன் ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டா என்பதைச் சொல் தானாகச் சொல்லிவிடாது. அகராதி ஆசிரியர்தான் வெட்டுகிறார். வழக்கொழிந்த பொருள்களையும் நுண்ணிய வேறுபாடுகளையும் தனித்தனியே வெட்டினால் 645. நெருங்கியவற்றைச் சேர்த்துக் கட்டினால் 41. ஆனால் எந்தக் கணக்கிலும் மாறாத ஒன்று உண்டு. அடிக்கடி புழங்கும் சொல்லுக்கே பொருள்கள் மிகுதி என்பதை மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1945இலேயே எண்களைக் கொண்டு காட்டினார். புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டியபோது, புதுச் சொல் ஆக்குவதைவிட நாவில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை நீட்டிக்கொள்வது எல்லா மொழியினருக்கும் எளிது.

'ரன்' நீண்ட வழியைப் பார்க்க அதன் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். இதன் ஜெர்மானிய மூலத்தில் கால்களால் ஓடுவதும் நீர் ஓடுவதும் சேர்ந்தே இருந்தன. இன்றைய ஜெர்மன் மொழியில் இதன் உறவான 'ரின்னன்' நீர் வழிவதையே குறிக்கிறது. ஆற்றில் நீர் ஓடுகிறது என்று சொல்லும் நமக்கு இதில் வியப்பு இராது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கால் அன்று, இடையறாமல் முன்செல்லும் தன்மை. அந்தத் தன்மை நிலைத்துவிட்டால், மூக்கு ஒழுகுவதற்கும், துணியில் சாயம் கசிந்து பரவுவதற்கும், ஒரு நாடகம் பல மாதங்கள் அரங்கில் தொடர்வதற்கும் அதே வினை போதும்.

பெரிய பாய்ச்சல் இயந்திரங்களோடு வந்தது. சக்கரம் சுழன்றால் இயந்திரம் 'ஓடுகிறது'. சுழல்வது நின்றால் வேலையும் நின்றுபோகிறது. இவ்வாறு அசைவும் வேலை செய்தலும் எப்போதும் சேர்ந்தே கண்ணில் பட்டதால், நாளடைவில் அசைவு உதிர்ந்து, வேலை செய்தல் மட்டும் பொருளாக எஞ்சியது. கணினியில் ஒரு நிரல் 'ரன்' ஆகும்போது நம் கண்ணுக்கு எதுவும் நகர்வதில்லை. நம் வீடுகளிலும் மோட்டார் ஓடுகிறது, தொலைக்காட்சி ஓடுகிறது. இதுவரை இரு மொழிகளும் ஒரே தடத்தில்தான் வருகின்றன.

எதுவுமே நகராத இடத்திலும் இந்த வினை வரும். பள்ளத்தாக்கின் ஊடே சாலை 'ரன்' ஆகிறது என்பார்கள். தமிழில் சாலை பெரும்பாலும் செல்லும் அல்லது போகும். சுவரில் விரிசல் மட்டும் ஓடும். இத்தகைய வாக்கியம் வெறும் அலங்காரமா, மனத்துக்குள் உண்மையிலேயே ஏதேனும் நகர்கிறதா என்பதை டேனியல் ரிச்சர்ட்சனும் டீனி மேட்லாக்கும் கண்ணசைவைப் பதிவு செய்து ஆராய்ந்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். நிலம் கரடுமுரடானது என்று முதலில் சொல்லிவிட்டு, சாலை 'ஓடுகிறது' என்ற வகை வாக்கியத்தைக் கேட்கச் செய்தபோது, பார்வையாளர்களின் கண்கள் படத்திலிருந்த சாலையின் மீது கூடுதல் நேரம் அலைந்தன. சாலை அங்கே 'இருக்கிறது' என்று சொன்னபோது நிலத்தின் தன்மை அந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அசையாத சாலையைச் சொல்லும்போதும் கேட்பவர் அதன் வழியே மனத்தால் பயணம் செய்கிறார் என்பதே இதிலிருந்து அவர்கள் எடுத்த பொருள்.

தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடம் வேறு. நம் பள்ளி இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்பது நினைவிருக்கலாம்: வண்டி ஓடும், அதை ஒருவர் ஓட்டுவார். பழைய ஆங்கிலத்திலும் தானே ஓடுவதற்கு ஒரு வினையும், குதிரையை ஓடச் செய்வதற்கு அதனோடு உறவுடைய இன்னொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் அந்த வேறுபாடு கரைந்து, இரண்டின் வேலையும் ஒரே வடிவத்தின் தலையில் விழுந்தது. எனவே நாய் ஓடினாலும் 'ரன்', ஒருவர் கடையை நடத்தினாலும் 'ரன்'. இதில் ஒரு சுவையான முரண் உண்டு. ஆங்கிலேயர் நிறுவனத்தை ஓட வைக்கிறார்கள். 'நடத்து' என்பது 'நட' என்பதன் பிறவினை ஆகையால், நாம் அதை நடக்க வைக்கிறோம். தேர்தலிலோ அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டன் வேட்பாளர் நம்மவரைப் போலவே நிற்கிறார். வேட்பாளருக்கு ஆங்கிலமே இருவேறு வினைகளைத் தந்திருப்பதால், ஓட்டமும் நிற்பதும் அவரவர் பழக்கம் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தனை பொருள்கள் இருந்தும் குழப்பம் ஏன் வருவதில்லை? பின்னால் வரும் சிறு சொற்களும் அருகில் நிற்கும் பெயர்ச்சொற்களும் பொருளைச் சுருக்கித் தருகின்றன. கிரிக்கெட் பார்ப்பவருக்கு 'ரன் அவுட்' என்றால் மட்டையாளர் வெளியேறினார். அதே இரு சொற்களோடு 'மில்க்' என்ற சொல் சேர்ந்தால் வீட்டில் பால் தீர்ந்துவிட்டது. ஒரு சொல்லை அதனோடு கூடி வரும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். இன்றைய மொழிபெயர்ப்பு மென்பொருள்களும் ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்யச் சுற்றியுள்ள சொற்களையே நம்புகின்றன. ஆகவேதான் பால் தீர்ந்ததைச் சொன்னால், பாலிலிருந்து ஒருவர் ஓடி வெளியேறியதாக அவை மொழிபெயர்ப்பதில்லை.

ஆங்கிலம் கற்கும் தமிழர் 'ரன்' என்றால் 'ஓடு' என்று குறித்துக்கொண்டு பிறகு திண்டாடுகிறார். பொருள் அளவில் அது சரிதான். ஆனால் ஓர் ஆங்கிலேயர் தமிழ் கற்றால் அதே திண்டாட்டத்தை அவருக்குத் தருவது 'ஓடு' அன்று, 'அடி'. அவர் மொழியில் காய்ச்சல் 'ரன்' ஆகும்; நம்மிடம் அது அடிக்கும். வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், மணி அடிக்கும், சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், தேர்வில் காப்பி அடிப்பார்கள், யாருக்கோ லாட்டரியும் அடிக்கும். இவற்றுள் மணியைத் தவிர வேறெங்கும் கையோ கம்போ எதையும் ஓங்கித் தாக்குவதில்லை.