ஐஸ் ஹாக்கியில் பாடி செக்: எதை நீக்க வேண்டும், எதை நீக்க முடியாது

தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்படும் ஒவ்வொரு முறையும், உடல் மோதலையே தடை செய்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர்களின் அக்கறை நியாயமானது. ஆனால் முழுத் தடை வேண்டும் என்று சொல்வதற்கு முன், காயம் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாகப் பயன்படும் ரப்பர் வட்டுதான் பக். பக் வைத்திருப்பவரைத் தோளாலோ இடுப்பாலோ மோதி, பக்கிலிருந்து விலக்குவதுதான் பாடி செக். தூரத்திலிருந்து வேகமெடுத்து வந்து மோதுவது, ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் கொண்டுபோய் அறைவது, பின்னாலிருந்து மோதுவது, முழங்கையால் இடிப்பது எல்லாம் வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் விதிப் புத்தகத்தில் ஏற்கெனவே குற்றங்கள். விதிக்கு உட்பட்ட மோதலிலும் மூளை அடிபடுகிறது என்பதுதான் சிக்கல்.

90 கிலோ எடையுள்ள வீரர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தால் அவருடைய இயக்க ஆற்றல் 2,880 ஜூல். அதே வீரர் 6 மீட்டர் வேகத்தில் வந்தால் 1,620 ஜூல்தான். வேகம் கால்வாசி குறைந்தாலே ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். கன்கஷன் எனப்படும் மூளையதிர்ச்சியை அதனால் தடுக்க முடிவதில்லை. தாடையில் எதிராளியின் தோள் பட்டதும் தலை வெடுக்கென்று திரும்புகிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத மூளை உள்ளே முறுக்கிக்கொள்கிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. சிடி ஸ்கேனும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மோதல் எந்த இடத்தில் நடக்கிறது என்பது அடுத்த விஷயம். சுவரோடு ஒட்டி நிற்பவர் மீது மோதினால், விசை அவருடைய தோள், இடுப்பு, சுவர் என்று பரவிவிடும். சுவரிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் தள்ளி, சுவரைப் பார்த்தபடி நிற்பவருக்குத்தான் ஆபத்து. பின்னாலிருந்து லேசாகத் தள்ளினாலே, கையை ஊன்றுவதற்குள் தலை போய் இடித்துவிடும். அந்தக் கணத்தில் யாராக இருந்தாலும் தலையைக் குனிவார்கள். அதைவிட மோசமான தவறு கிடையாது. கழுத்தெலும்புகளுக்கு இயல்பாக ஒரு வளைவு உண்டு, விசையை அதுதான் தாங்கிக்கொள்கிறது. குனிந்ததும் அந்த வளைவு நிமிர்ந்து எலும்புகள் ஒரு கம்பம்போல் நேராகிவிடும். உச்சந்தலை சுவரில் இடித்து நின்றுவிட, உடலின் எடை பின்னாலிருந்து வந்து அழுத்த, இடையில் சிக்கிய எலும்பு நொறுங்கும். தண்டுவடம் சேதமானால் கை கால்கள் செயலிழக்கும்.

சுவரோரம் கிடக்கும் பக்கை எடுக்கப் போகும் வீரர், அதை நெருங்கும் முன்பே தோளுக்கு மேலாக ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். சுவரை நோக்கி நேராகப் போகாமல் சாய்வாகப் போக வேண்டும். முழங்கால்களை மடக்கி, ஸ்கேட்களைச் சுவருக்கு இணையாகத் திருப்பி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் படும்படி ஒட்டிக்கொள்ள வேண்டும். தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். மோதுபவர் கைகளைத் தாழ்த்தி வைக்க வேண்டும், ஸ்கேட் பனியை விட்டு எழக் கூடாது. எதிராளியின் முதுகிலுள்ள எண் கண்ணில் பட்டால் மோதலைக் கைவிட்டுவிட வேண்டும். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

அரங்கத்தின் அமைப்பும் காயத்துக்குக் காரணமாகிறது. 2011 மார்ச்சில் மாண்ட்ரியலில், வீரர்கள் உட்காரும் பெஞ்சுகளுக்கு இடையே கண்ணாடி முடியும் இடத்திலிருந்த தூணில், உள்ளூர் அணி வீரர் மேக்ஸ் பாசியோரெட்டியின் தலை மோதியது. கன்கஷனோடு கழுத்தெலும்பும் முறிந்தது. அடுத்த சீசனில் அந்த முனைகளில் வளைந்த கண்ணாடி வந்தது. 2013-14இல் வந்த ஹைப்ரிட் ஐசிங் விதி, எதிர்முனைவரை நீளமாக அடித்துவிட்ட பக்கை முதலில் தொடுவதற்காக இருவர் முழு வேகத்தில் சுவர்வரை பாய்ந்தோடும் பந்தயத்தைக் குறைத்தது. இவற்றால் ஆட்டம் எதையும் இழக்கவில்லை. இத்தகைய மாற்றங்களுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

முழுத் தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகளிர் ஹாக்கியைப் பார்க்கலாம். 1990இல் ஒட்டாவாவில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பில் பாடி செக் அனுமதிக்கப்பட்டது, அதன்பின் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு அதை நீக்கியது. ஆனாலும் அங்கே கன்கஷன் ஒழியவில்லை. தடுமாறி விழுவதும், தற்செயலாக முட்டிக்கொள்வதும், சுவரில் இடிப்பதும் தொடர்கின்றன. அடி வரும் என்று எதிர்பார்க்காத உடல் இறுகித் தயாராவதும் இல்லை. 2022-23இல் ஸ்வீடனின் மகளிர் உயர்நிலை லீக் பாடி செக்கை மீண்டும் அனுமதித்தது.

என்எச்எல்லின் அனுபவமும் கவனிக்க வேண்டியது. 2005-06இல் மட்டையால் கொக்கிபோட்டு இழுப்பதையும் பிடித்து நிறுத்துவதையும் நடுவர்கள் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். ஆட்டம் அழகாகத் திறந்துகொண்டது. கூடவே, தடையில்லாமல் ஓடும் வீரர்களின் வேகமும் மோதலின் வேகமும் ஏறின.

சிறுவர்கள் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. கனடாவில் 11, 12 வயது ஆட்டக்காரர்களை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், செக்கிங் அனுமதித்த ஆல்பர்ட்டாவில் காயமும் கன்கஷனும் அனுமதிக்காத கியூபெக்கைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தன. அமெரிக்கா 2011இலும் கனடா 2013இலும் அந்த வயதில் அதை நிறுத்தின. சீக்கிரம் கற்றால் பின்னால் பாதுகாப்பு என்ற வாதத்துக்கும் பெரிய பலம் இல்லை. அடுத்த வயதுப் பிரிவில் மொத்தக் காயங்களில் வித்தியாசம் தெரியவில்லை, ஒரு வாரத்துக்கு மேல் ஆடவிடாமல் செய்த காயங்கள் மட்டுமே முன்பே பழகியவர்களிடம் குறைவாக இருந்தன.

பெரியவர்களின் ஆட்டத்தில் நீக்க வேண்டியது தலையில் படும் அடியை. 2010-11இல் வந்த என்எச்எல்லின் 48ஆம் விதி, தலை முதன்மையான தொடுபுள்ளியாக இருந்து, அந்தத் தொடுதல் தவிர்த்திருக்கக்கூடியதாகவும் இருந்தால் மட்டுமே குற்றம் என்கிறது. இந்த இரண்டு நிபந்தனைகளிலும்தான் பல மோசமான மோதல்கள் தண்டனையின்றி நழுவுகின்றன. தோளில் பட்டு மேலேறித் தாடையில் முடியும் அடியை வீடியோவில் பத்து முறை பார்த்தாலும் எது முதன்மை என்று சண்டை போடலாம். மூளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிட்டு, மோதுபவரின் உடல் எதிராளியின் தலையைத் தொட்டாலே பெனால்டி என்று ஆக்க வேண்டும். உயரமான வீரர்கள் முழங்காலை இன்னும் மடக்கி மோதப் பழகிக்கொள்வார்கள்.

அடிபட்ட பிறகு செய்ய வேண்டியதும் உண்டு. எழுந்ததும் தள்ளாடுவது, வெறித்த பார்வை, தப்பான பெஞ்சை நோக்கிப் போவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், அடுத்தடுத்து வாந்தி, வலிப்பு, மேலும் மேலும் ஏறும் தலைவலி இருந்தால் அவசர சிகிச்சை வேண்டும். கழுத்தில் சந்தேகம் இருந்தால், பயிற்சி பெற்றவர் வரும்வரை ஆளை அசைக்கக் கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது.

முதல் 24 முதல் 48 மணி நேரம் லேசான நடமாட்டம் போதும், இருட்டறையில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. அதன்பின் ஆட்டத்துக்குத் திரும்பப் படிப்படியாக ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறிகள் முழுவதும் நீங்கி, மருத்துவர் அனுமதித்த பிறகே ஐந்தாம் கட்டமான மோதலுடன் கூடிய பயிற்சி. அதில் தலைவலி திரும்பினால் மூன்றாம் கட்டத்துக்கே, அதாவது தனியாகச் செய்யும் பயிற்சிக்கே, திரும்பிப் போக வேண்டும். அணியில் இடம் பறிபோகும் என்ற பயத்தில் வீரர்கள் தலைவலியை மறைக்கிறார்கள். அதனால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீரர் சொல்வதையோ, இன்றிரவு அவர் தேவை என்று பயிற்சியாளர் சொல்வதையோ வைத்து யாரையும் பனியில் இறக்கக் கூடாது. அந்த முடிவு மருத்துவருடையது.