ஆர்.ஓ.பி.: குறைமாத விழித்திரை நோய்

எங்கள் வீட்டுக்குள் இந்தச் சொல் வந்தது ஒரு டயக்னோஸிஸ் கார்டில். மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் தங்கச்சியின் மகள் 32 கிழமையில், ஒன்றரைக் கிலோவும் இல்லாமல் பிறந்து, குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பி.பி.யூ.வில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று கிழமை கிடந்து வீடு வந்திருந்தாள். கார்டின் அடியில் பேனையால் மூன்று ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒரு திகதி. அம்மா அதை என்னிடம் நீட்டி, "இதென்ன புள்ள, ஆரோப்பி? பிள்ளைட கண் பளிச்செண்டுதானே கிடக்கு" என்றார்.

விரித்தால் ரெட்டினோபதி ஒஃப் பிரிமெச்சூரிட்டி. மூன்று துண்டாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் ரெட்டினா, கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் இருக்கும் படலம். இலத்தீனில் 'ரேட்டே' என்றால் வலை. அந்த வலை இலத்தீனுக்கு அரபியிலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுபோனபோது, அங்கே 'ஷபகிய்யா' என்றிருந்ததைத்தான் இப்படி மாற்றினார்கள். 'ஷபகா' என்றால் வலை. காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ அரபு ஓதிய ஒருவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். அரபுக்காரருக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் இருந்த ஹீரோபிலஸ் இந்தப் படலத்தை இழுத்து மடக்கிய ஒரு வலைக்கு ஒப்பிட்டாராம். அவர் சொன்ன கிரேக்கச் சொல் எல்லா வலைக்கும் பொதுவானதல்ல, கையால் வீசும் வலையைக் குறிப்பது. நம்முடைய வீச்சுவலையேதான்!

தமிழில் நாம் வலையை விட்டுவிட்டுத் திரையை எடுத்துக்கொண்டோம். விழித்திரை. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்திலேயே ஊன்றிவிட்ட நல்ல சொல், அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் மண்டூர்க் கோயிலில் திரைக்குப் பின்னால் பூசை நடப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குத் திரை என்றால் மறைப்பது. விழித்திரையோ படம் விழும் திரை. இதைச் சொல்லாமல் விட்டால், "திரை விழுந்திட்டா? அப்ப உரிச்சு எடுக்கலாமே" என்று வெண்படலத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

'பதி' கிரேக்கத்துப் 'பாதொஸ்', துன்பம். நம் 'நோய்' என்ற சொல்லும் நோவிலிருந்து வந்ததுதான். அச்சாகப் பொருந்துகிறது, அதோடு சரி.

சிக்கல் மூன்றாவது துண்டில். பிரிமெச்சூர் என்பதற்கு இலத்தீனில் காலத்துக்கு முன்பே பழுத்தது என்று பொருள். அப்படியே தமிழாக்கினால் 'பிஞ்சில் பழுத்தது' என்று வரும். அது வேறு மாதிரிப் பிள்ளைக்குச் சொல்வது. 'முற்பிறப்பு' என்று போட்டால் போன பிறவிப் பாவம் என்றே வாசிப்பார்கள், கேட்கிற தாய்க்கு அது ஒன்றுதான் குறைச்சல். 'முதிரா விழித்திரை' என்பது கேட்க நன்றாக இருந்தாலும் பிழை. முந்திப் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் விழித்திரை முதிராமல்தான் இருக்கும், அது நோயல்ல. 'குறைப்பிரசவ' என்பதில் பழி பிரசவத்தின் மேல், அதாவது பெற்றவள் மேல் போய் விழுகிறது. நான் எடுப்பது 'குறைமாத'. குறைந்தது மாதம், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்து மாதம் சுமந்தேன் என்று நம் பெண்கள் சொல்வது மிகையல்ல. நாலு கிழமைக்கு ஒரு மாதம் என்று எண்ணினால் பத்து மாதம் 40 கிழமை, டொக்டர்மாரின் கணக்கும் அதே 40. எங்கள் பிள்ளை எட்டு மாசப் பிள்ளை, அப்போ 32 கிழமை.

இந்தக் கணக்கில்தான் நோயே இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் தோணியில் நின்று வலை வீசுகிறவரைப் பாருங்கள். கையை விட்டுக் கிளம்பும்போது கொத்தாக இருக்கும், காற்றில் வட்டமாக விரியும், ஈயக்குண்டு கோத்த விளிம்பு கடைசியில்தான் தண்ணீரைத் தொடும். விழித்திரையின் இரத்தக் குழாய்களும் அப்படித்தான். கண் நரம்பு நுழையும் இடத்திலிருந்து கருவின் 16ஆம் கிழமையளவில் கிளம்புகின்றன. மூக்குப் பக்க விளிம்புக்கு 36ஆம் கிழமையளவில் வந்து சேரும், காதுப் பக்க விளிம்புக்கு 40ஐ ஒட்டி. முந்திப் பிறந்த பிள்ளைக்கு வலை பாதி விரிப்பில் நிற்கிறது. வயிற்றுக்குள் இருந்ததைவிட வெளியில் ஒட்சிசன் அதிகம், மூச்சுக்காக மேலும் கொடுக்க வேண்டியும் வரும். குழாய் வளர்வது நின்றுபோகிறது. அப்புறம் குழாய் போய்ச் சேராத ஓரம் வளர வளர ஒட்சிசனுக்குத் தவிக்கும், குழாயை வரச்சொல்லி இரசாயனச் செய்தி அனுப்பும். அந்த அவசரத்தில் முளைப்பவை தாறுமாறான, இலகுவில் கசியும் குழாய்கள். பலருக்கு இது தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால் தழும்பு பிடித்து விழித்திரையை இழுத்துக் கழற்றிவிடும்.

இதற்கு முதலில் இருந்த பெயர் வேறு. 1942இல் பொஸ்டனில் தியோடர் டெரி என்ற கண் வைத்தியர் விவரித்த பிறகு வழங்கிய பெயரைத் தமிழில் சொன்னால் 'வில்லைக்குப் பின்னால் நார்த்திசு உண்டாதல்'. கண்மணிக்குள் வெள்ளையாகத் தெரிந்த தழும்பைப் பார்த்து வைத்தது, அதாவது எல்லாம் முடிந்த பிறகு. 1951இல் மெல்பனில் கேட் காம்ப்பெல் ஒட்சிசன் மேல் சந்தேகத்தைக் கிளப்பினார், சில வருடங்களில் அது உறுதியாயிற்று. உடனே எல்லோரும் ஒட்சிசனைக் கண்டபடி குறைக்க, கண் தப்பிய இடத்தில் உயிர் போன கதைகளும் உண்டு. இப்போது மட்டாக அளந்து கொடுக்கிறார்கள். 1984இல் நோயின் படிநிலைகளை உலகளவில் வகுத்தபோது இன்றைய பெயர் நிலைத்தது. பழைய பெயர் நோயின் கடைசிப் படத்தைச் சொன்னது, புதியது தொடக்கத்தைச் சொல்கிறது. தொடக்கத்தில் பார்த்தால்தான் லேசராலோ கண்ணுக்குள் போடும் ஊசியாலோ தடுக்கலாம், அதுவும் தேவை என்று கண்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள்.

எங்கள் கார்டில் இருந்த திகதி பிள்ளையின் 29ஆம் நாள். பெரும்பாலும் பிறந்து நாலு கிழமையளவில்தான் முதல் கண் பரிசோதனை வரும். எங்கள் வீடுகளில் அதே நேரத்தில் வருவது துடக்குக் கழிவு. "முப்பத்தொண்டு கழியாமப் பச்சப் பிள்ளையை வெளிய தூக்கிற்றுப் போறதா?" என்று அம்மா நின்றுகொண்டார். நானும் இந்த வலைக் கதையை எடுத்து, விளிம்பு, ஈயக்குண்டு என்று கையை விரித்துக் காட்டினேன். அம்மாவின் தகப்பன் வாவியில் வலை வீசியவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஓட்டோவுக்குச் சொல்லு" என்றார்.

மருந்து விட்டுக் கண்மணி விரிய ஒரு மணித்தியாலம் போனது. இமையைச் சின்னக் கம்பியால் விலக்கிப் பார்த்தபோது பிள்ளை வீரிட்டாள், தங்கச்சி வெளியே போய்விட்டாள். டொக்டர் கார்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "நோய் இப்ப இல்ல. ஆனா குழாய் இன்னும் ஓரத்துக்கு வரல்ல. ரெண்டு கிழமையில திரும்பக் கொண்டு வாங்க."

"எதுவரைக்கும் வரணும்?" என்று கேட்டது அம்மாதான்.

"ஓரத்தைத் தொடும் வரைக்கும்."