சாத்தியிருக்கா, பூட்டியிருக்கா?

குப்பை வாளியை மாடிப்படி முனையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காற்று வந்து கதவை அறைந்து சாத்திவிட்டது. சாவி உள்ளே. காலில் செருப்புகூட இல்லை. சென்னையில், சாத்தினாலே தானாக மாட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் பூட்டு போட்ட அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருமுனையில் குடை போட்டு டூப்ளிகேட் சாவி வெட்டும் அண்ணனைப் பக்கத்து வீட்டுப் பையன் போய் அழைத்து வந்தான். மூன்று மாடி ஏறி வந்தவர் பூட்டைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கதவு சாத்தியிருக்கா, பூட்டியிருக்கா சார்?" என்றார்.

இரண்டும் ஒன்றுதானே என்று பட்டது எனக்கு. அவருக்கோ வேலையில் பாதி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

நைட் லாட்ச்சின் நாக்கு ஒரு பக்கம் சரிவாகச் சீவியது. அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். கதவைச் சாத்தும்போது நிலையில் இருக்கும் தகடு அந்தச் சரிவில் மோத, நாக்கு உள்ளே ஒடுங்கும். குழி வந்ததும் துள்ளி வெளியே வரும். தகடு தள்ளி நாக்கு உள்ளே போகிறதென்றால், வேறு எதைக் கொண்டு தள்ளினாலும் போகத்தானே வேண்டும்? அதனால் வெறுமனே சாத்திய கதவில் பூட்டைத் தொடாமலே நாக்கோடு நேராகப் பேசலாம். சாவி போட்டுத் திருப்பிப் பூட்டியிருந்தால் அது நடக்காது. அப்போது நாக்குக்குப் பின்னால் இருப்பது ஸ்பிரிங் இல்லை, இரும்பு முட்டுக்கட்டை. உள்ளே இருக்கும் பொறியைத் திருப்பினால்தான் அது நகரும்.

சினிமாவில் கதாநாயகன் ஏடிஎம் கார்டைச் செருகி இரண்டு நொடியில் திறப்பதைப் பார்த்து நாமும் ஒரு கார்டை உடைத்திருப்போம். நம் வாசற்கதவுகள் பெரும்பாலும் உள்பக்கமாகத் திறப்பவை. அவற்றில் நாக்கின் சரிவு வெளியே நிற்பவரைப் பார்த்தபடிதான் இருக்கும். ஆனால் கதவு போய் முட்டி நிற்கும் நிலை விளிம்பு நடுவில் மறைத்துக்கொண்டிருக்கும். செருகும் பொருள் அங்கே ஒரு மூலை திரும்ப வேண்டும். தடித்த கார்டு வளையாது, முறியும். தொழில்காரர் பையில் மெல்லிய, நன்றாக வளையும் பிளாஸ்டிக் தகடு இருப்பது இதற்காகத்தான். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் சரிவு உள்பக்கம் போய்விடும், தள்ளுவதற்குப் பதில் பின்னாலிருந்து இழுக்க வேண்டும். நல்ல பூட்டுகளில் நாக்குக்கு அருகே இன்னொரு குட்டி நாக்கு இருக்கும். கதவு சாத்தியதும் அது அமுங்கிப் பெரிய நாக்கை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டால் தகடு பைக்குள் திரும்பிவிடும்.

ஐப்பசி மழையில் இன்னொரு சிக்கல். ஈரத்தில் மரம் நீளவாக்கில் அவ்வளவாக உப்பாது, அகலவாக்கில்தான் உப்பும். கதவு நிலையோடு நெருங்கி, நாக்கு நிலையில் இருக்கும் தகட்டில் அழுந்தி நிற்கும். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். சரியான சாவியே திரும்பாமல் போவது உண்டு. அதனால்தான் சாவிக்காரர்கள் முதலில் தோளால் கதவைத் தள்ளிப் பார்க்கிறார்கள். சில நாள் அதற்கு மேல் வேலையே இருக்காது.

அடுத்த கேள்வி: "சாவி உள்ளே இருக்கா, தொலைஞ்சு போச்சா?" தொலைந்திருந்தால் திறப்பது மட்டும் போதாது, சாவியும் வேண்டும். வெட்டாத சாவி ஒன்றை உள்ளே விட்டு லேசாக முறுக்கி எடுத்தால், உள்ளே தடுக்கும் இடங்களில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தடம் விழும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி உள்ளே விட்டுப் பார்ப்பது. நேரம் பிடிக்கும். ஆனால் பூட்டு திறக்கும்போது கையில் புதுச்சாவி இருக்கும். சாவி தொலைந்த பீரோக்களை நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் திறக்கிறார்கள்.

என் வீட்டில் சாவி உள்ளேதான் கிடந்தது. ஆனால் தச்சர் நிலையைச் சுற்றி நெருக்கமாக ஒரு பீடிங், அதாவது மெல்லிய மரச்சட்டம், அடித்திருந்தார், தகடு நுழையவில்லை. ஆக, பூட்டில் சாவி போடும் பகுதியான சிலிண்டர்தான் வழி. 1861-இல் அமெரிக்கர் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் அதற்குள் இருக்கிறது. சாவி நுழையும் உருளைக்கு மேலே ஐந்தாறு துளைகள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள் (குட்டி உலோகக் குச்சிகள்), அவற்றை அமுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின்கள் உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் குறுக்கே நின்று அதைத் திரும்பவிடாது. சரியான சாவியின் மேடுபள்ளங்கள், ஐந்து ஜோடிகளும் பிரியும் இடத்தை உருளையின் விளிம்புக்கு நேராகக் கொண்டுவந்துவிடும்.

ஐந்து பின்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் என்று வைத்துக்கொண்டால் 7,776 விதமான சாவிகள் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியுமா? தேவையில்லை. எந்தத் தொழிற்சாலையும் ஐந்து துளைகளையும் நூல் பிடித்தாற்போலத் துளைப்பதில்லை. மயிரிழை விலகல் இருக்கும். உருளைக்கு மெல்லிய முறுக்கு கொடுத்தால் ஐந்தும் ஒன்றாக இறுகாது. விலகல் அதிகமுள்ள ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைத் தேடி மெல்ல உயர்த்தினால் விளிம்பைத் தாண்டியதும் உருளை துளி நகரும். உடனே அடுத்த பின் இறுகும். ஒரே நேரத்தில் ஐந்துக்கும் விடை தேட வேண்டியிருந்த கணக்கு, ஒவ்வொன்றாகப் போடும் ஐந்து சின்னக் கணக்குகளாக உடைந்துபோகிறது. பின்னுக்கு ஆறு உயரம் வீதம் அதிகபட்சம் 30 முயற்சி. அவர் கைத்திறமை பாதி என்றால், தொழிற்சாலையின் பிசகு மீதிப் பாதி.

தட்டித் திறக்கும் முறையும் உண்டு. கேரம் பலகையில் ஒட்டி நிற்கும் இரண்டு காய்களில் முதலாவதை ஸ்ட்ரைக்கரால் அடித்தால் அது அங்கேயே நிற்க, பின்னால் இருப்பது பாயும் அல்லவா? அதேபோலக் கீழ்ப்பின்னில் விழும் அடி மேல்பின்னைத் துள்ள வைக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும் அந்தக் கணத்தில் உருளையைத் திருப்பிவிட வேண்டும். பழைய பூட்டுகளில் பலிக்கும்.

திறக்கவே முடியாத பூட்டு உண்டா? ஜோசப் பிராமா என்ற பூட்டுத் தயாரிப்பாளர் 1790-இல் தன் லண்டன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால இங்கிலாந்துத் தங்க நாணயம்) என்று எழுதிப் போட்டார். 1851-இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து திறந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. திறமைதான். ஆனால் என் வீட்டு வாசலில் அவ்வளவு நேரம் உட்கார யார் வருவார்? நேரம் நீண்டுகொண்டே போனால், ஒரு கட்டத்தில் புது சிலிண்டரின் விலையை விடக் கூலி ஏறிவிடும். அப்போது டிரில்லை எடுப்பதுதான் நியாயம். துளை போடுவதும் சிலிண்டரில் மட்டும்தான். கதவைக் கெடுப்பவர் தொழில் தெரிந்தவரில்லை. வந்ததும் வராததுமாக டிரில்லைத் தூக்குபவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டிருந்தாலோ, அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். எது சீக்கிரமோ அதுதான், கதவு போனால் போகட்டும். சாவிக்காரரைத் தேடி ஓடுவதற்கு முன் 101-க்குத் தீயணைப்புத் துறையை அழைத்துவிட வேண்டும்.

எனக்கு ஏழெட்டு நிமிடத்தில் திறந்து கொடுத்தார். காசை நீட்டினேன், கை நீட்டவில்லை. "உள்ளே போய் சாவியை எடுத்துட்டு வாங்க சார்" என்றார். எடுத்து வந்தேன். அவர் முன்னாலேயே பூட்டிக் காட்டச் சொன்னார், பிறகு திறந்து காட்டச் சொன்னார். அது என் சாவிதான் என்று தெரிந்த பிறகே காசை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.