500 வாட் ஸ்டிக்கரை நம்பி கேமிங் கொம்பியூட்டர் பூட்டலாமா?

ஏ.எல். சோதனை முடிந்த கையோடு கேமிங் கொம்பியூட்டர் கேட்டு வரும் பிள்ளைகள் போனில் ஒரு லிஸ்ட்டோடுதான் வருவார்கள். ரைசன் 5 5600 புரொசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ டிஸ்க். நல்ல லிஸ்ட். குறைந்த செலவில் கேம் விளையாட நானும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லுவேன். ஆனால் கடைசி வரியில் "கேசிங், 500 வாட் பவர் சப்ளையோடு" என்று இருக்கும். பவர் சப்ளை என்பது வீட்டுக் கரண்டைக் கொம்பியூட்டரின் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. யாழ்ப்பாணத்தில் என் மேசைக்குப் பழுதென்று வரும் கேமிங் கொம்பியூட்டர்களில் பெரும்பாலானவற்றை அங்கே கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கடைசி வரிதான்.

அண்மையில் வந்த ஒரு தம்பியின் முறைப்பாடு இது: "அண்ணா, யூரியூப் பார்த்தா ஒரு பிரச்சினையும் இல்லை. கேம் போட்டுக் கொஞ்ச நேரத்தில டக்கெண்டு ஒஃப் ஆகுது." கிராபிக்ஸ் கார்ட்தான் பழுது என்று யாரோ சொல்ல, அதை நட்டத்துக்கு விற்று, வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடம் காசு கேட்டு வேறொன்று வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகும் ஒஃப் ஆகிறது. விற்ற கார்டில் ஒரு குறையும் இருந்திருக்காது.

பக்கத்துக் கதவைக் கழற்றி, பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் பார்த்தோம். மேலே பெரிய எழுத்தில் 500 வாட். கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியே அம்பியர் போட்டிருக்கும். இன்றைய புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுச் சக்தியையும் 12 வோல்ட் பக்கமிருந்தே எடுக்கின்றன. அந்தக் கட்டத்தில் இருந்தது 16 அம்பியர். 12 வோல்ட்டை 16 அம்பியரால் பெருக்கினால் 192 வாட். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு மட்டும் 132 வாட் வேண்டும். ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட் வரை போகும். இந்த இரண்டுமே 208 வாட். மதர்போர்ட், ரேம், விசிறி, டிஸ்க் எல்லாம் அதற்கு மேல். யூரியூப் பார்க்கும்போது இதில் சிறு பகுதிதான் இழுபடும், அதனால் ஒன்றும் தெரியாது. கேம் தொடங்கியதும் புரொசசரும் கார்டும் ஒன்றாக இழுக்கும், அப்போது படுத்துவிடும்.

இன்னொன்றையும் அந்த கேசிங்குக்குள் பார்த்தேன். கார்டுக்கு வேண்டிய 8 பின் வயர் அந்தப் பவர் சப்ளையில் இல்லை. பழைய மொலெக்ஸ் வயரில் ஒரு கன்வெர்ட்டரைப் பூட்டியிருந்தார்கள். மஞ்சள் வயரின் உறை பிளக் அருகில் உருகத் தொடங்கியிருந்தது. கார்டுக்கு வேண்டிய வயர் பவர் சப்ளையில் இல்லையென்றால் அது அந்தக் கார்டுக்கு உரியதல்ல. கன்வெர்ட்டர் தேட வேண்டாம், வேறு பவர் சப்ளை எடுங்கள்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் கேட்பார்கள். அது எவ்வளவு மின்சாரத்தை வீணாக்காமல் தருகிறது என்பதை அளப்பது. பாதுகாப்புக்கான சான்று அல்ல. முத்திரையோடு 12 வோல்ட் கட்டத்தையும் பாருங்கள்: உண்மையான 450 வாட் என்றால் 36 அம்பியர் அளவில் இருக்கும். ஷோர்ட், ஓவர் வோல்ட்டேஜ், ஓவர் கரண்ட் பாதுகாப்புகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் எங்கள் ஊருக்கு மிக நல்லது. ட்ரான்ஸ்ஃபோர்மருக்குத் தூரத்து வீடுகளில் பின்னேரங்களில் வோல்ட்டேஜ் இறங்கினாலும் அது தாங்கும்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் பழைய கொம்பியூட்டர் என்றால், பிளக்கில் போட முதல் பின்பக்கம் பாருங்கள். சில பவர் சப்ளைகளில் 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. சுவிட்ச் 115 இல் இருக்கும்போது போட்டால் வெடித்துவிடும்.

கேசிங்கைத் தொட்டால் மெல்லிதாகக் கரண்ட் அடிப்பது போல இருக்கிறதா? பல வீடுகளில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். எர்த் சரியில்லாதபோது பவர் சப்ளையின் வடிகட்டி வழியாகக் கசியும் மின்சாரம் போக இடமில்லாமல் தகரத்தில் நிற்கிறது. கொம்பியூட்டரை மாற்றத் தேவையில்லை. வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, நல்ல பவர் சப்ளைக்குக் காசு எங்கிருந்து வரும்? என் கணக்கில் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்க வேண்டும். கண்ணாடிக் கேசிங்கையும் கலர் லைட் விசிறிகளையும் விடுங்கள். 5600 ஐப் பெட்டியோடு எடுத்தால் கூலர் உள்ளேயே வரும், தனியே வேண்டாம். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் கோர் ஐ3 12100எஃப் புரொசசர் எடுக்கலாம். வலோரன்ட், ஜிரிஏ 5 போன்ற கேம்கள் தாராளமாக ஓடும். ரேமை 8 ஜிபி இரண்டாக எடுங்கள், ஒற்றை 16 வேண்டாம்.

பாவித்த கார்டையும் வாங்கலாம், ஆனால் கவனம் வேண்டும். கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு இதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைச் சம்பாதிக்கும் மைனிங் 2022 செப்டெம்பரில் நின்ற பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பழைய கார்டுக்குள் இருக்கும் பயோஸ் என்ற மென்பொருளை மாற்றி, 1050 டிஐ என்று பெயர் காட்டவைத்து விற்பவர்களும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பல போலிகளுக்கு முன்னால் 'ஃபேக்' என்றே காட்டும். விற்பவர் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்.

யுபிஎஸ் 650 விஏ என்றால் 650 வாட் அல்ல. பெரும்பாலும் 360 வாட் அளவுதான். கரண்ட் போனால் சேவ் பண்ணி ஒஃப் செய்ய மட்டும் அது போதும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது பிளக்கோடு நெட் வயரையும் கழற்றுங்கள். தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்னலில் மதர்போர்ட்டில் நெட் வயர் பூட்டும் லான் பகுதி கருகிய கொம்பியூட்டர்கள் எத்தனையோ.

மின்னல், கருகிய அடையாளம், துரு ஆகியவற்றுக்குப் பல கடைகள் வாரண்டி தருவதில்லை. ஒரு வருடம் என்பதை 350 நாள் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதையும் வாசியுங்கள். கொழும்பு பம்பலப்பிட்டிக் கடைகளிலிருந்து கூரியரில் எடுப்பதானால், காசு போட முதல் பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அடுத்த கடையைப் பாருங்கள்.