கோடல்: ஆய்வு ஒருபால் வளைவதற்கு ஒரு சொல்

மருத்துவ ஆய்வுகளைப் பற்றிய செய்திகளில் வரும் 'பயஸ்' (bias) என்ற ஆங்கிலச் சொல்லை நமது பத்திரிகைகள் பக்கச்சார்பு என்றோ பாரபட்சம் என்றோ எழுதுகின்றன. இரண்டிலும் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, யாரோ வேண்டுமென்றே ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார் என்பதுபோல. ஆய்வுமுறையில் அதன் பொருள் வேறு. விடை உண்மையைவிட்டு ஒரே திசையில் விலகும்படி ஆய்வின் அமைப்பிலேயே குடிகொண்ட பிழை அது. ஆய்வாளர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் நேரும். எழுமாறாக வரும் பிழை, ஆட்தொகையைக் கூட்டினால் குறையும். இது குறையாது, பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் அதே பிழையான விடைதான், இன்னும் உறுதியான குரலில் வரும்.

சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சரிவு, குறுக்குவாட்டம் என்பது முதற்பொருள். தையற்காரர் 'கிராஸ்' போட்டு வெட்டுவதை ஆங்கிலத்தில் இன்றும் இதே சொல்லால் குறிப்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் புல்வெளியில் பந்துருட்டும் விளையாட்டுக்குள் புகுந்தது. ஒரு பக்கம் பாரம் கூடிய பந்து நேரே ஓடாமல் வளைந்து ஓடும். அந்தப் பாரத்துக்கும் வளைவுக்கும் இதே பெயர். மனம் சாய்வது என்ற பொருள் அங்கிருந்து கிளைத்தது.

தமிழில் 'கோடு' என்ற வினைக்கு வளை, நேர்மை தவறு என்று இரு பொருளும் உண்டு. 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் துலாக்கோலைச் சொல்லி 'ஒருபால் கோடாமை' என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளிலேயே சொற்கோட்டம், உட்கோட்டம் என்று பேச்சின் வளைவையும் மனத்தின் வளைவையும் தனித்தனியே பெயரிடுகிறார். திருகோணமலையில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் கோடல் என்ற சொல் புதிதல்ல. மின்னோட்டத்தை ஒரு திசையில் விடும் இருவாயிக்கு (டயோட்) 'முன்முகக் கோடல்' (forward bias) என்று படிக்கிறார்கள். சார்பு என்றால் கணிதச் சார்போடு (function) குழம்பும். சாய்வு பரவாயில்லை. எனக்குக் கோடல்தான் பிடிக்கும்: வளைவைச் சொல்கிறது, ஆளைக் குற்றஞ்சாட்டவில்லை.

2006 கடைசியில் சிக்குன்குனியா பரவியபோது திருகோணமலையும் தப்பவில்லை. காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். மூட்டு நோ மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். அப்படி எத்தனை பேருக்கு நிற்கிறது என்று ஒருவர் இங்கே ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வருபவரை மட்டும் எண்ணினால் விகிதம் ஊதிவிடும். காய்ச்சலோடு சுகமானவர் கிளினிக்கில் ஏன் குந்தியிருக்கப் போகிறார்? ஆஸ்பத்திரிப் பதிவுகளில் உள்ள இந்தப் பொறியை ஜோசப் பேர்க்சன் என்ற அமெரிக்கர் 1946இலேயே விளக்கிவிட்டார். சரி, எல்லோரையும் சேர்த்து ஆறு மாதம் கழித்து வரச்சொன்னால்? முழங்கால் மடக்க ஏலாமல் சம்பூரிலிருந்து பஸ் ஏற முடியாதவரும், ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத குச்சவெளிக்காரரும் பட்டியலைவிட்டு விழுந்துவிடுவர். இப்போது விகிதம் எந்தப் பக்கம் வளையும் என்று சொல்வதே கடினம். 'மூட்டு வலி உண்டா?' என்று படிவம் கேட்க, 'வலி இல்லை, உளைவுதான்' என்று சொல்லும் ஆச்சிமாரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது தனிக் கதை.

கொவிட்டுக்குப் பின்னான நீடித்த நோயிலும் இதே சிக்கல். தொற்று தொடங்கி வழக்கமாக 3 மாதத்தில் காணப்படும், குறைந்தது 2 மாதம் நீடிக்கும் குறிகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் வரையறுத்தது. களைப்பு தொற்றாதவருக்கும் உண்டு. அவர்களோடு ஒப்பிடாத ஆய்வு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். 2020 தொடக்கத்தில் தொற்றியும் பரிசோதனை கிடைக்காமல் போனவர்களைத் 'தொற்றாதவர்' பக்கம் சேர்த்தால் குறைத்துக் காட்டும்.

எல்லாவற்றிலும் பேர்போனது பிரித்தானியாவின் 'பேஸ்' ஆய்வு. பலருக்கு ஒரு தொற்றுக்குப் பிறகு தொடங்கும் நாட்பட்ட களைப்பு நோயில் 641 பேரைச் சேர்த்து, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்ற முயலும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் பலன் தருவதாக 2011இல் 'த லான்செட்' இதழில் அறிவித்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் தெரியும், சிகிச்சையாளருக்கும் தெரியும். முதன்மையான பலனை அளந்ததோ நோயாளி தானே நிரப்பிய படிவம். இது உங்களைச் சுகப்படுத்தும் என்று மாதக்கணக்கில் கேட்டவரின் பேனா எந்தப் பக்கம் சாயும்? அதைவிட மோசம், உடலியக்கப் புள்ளி (கூடினால் நலம்) நூற்றுக்கு 65 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் ஆய்வில் சேரலாம். 60 இருந்தாலே அந்த அளவுகோலில் 'குணமடைந்தவர்' வரம்புக்குள் வந்துவிடலாம். 65இல் நுழைந்து 60க்கு இறங்கியவரும் அந்தக் கோட்டைத் தாண்டியவரே! இந்தத் தளர்ந்த வரம்பு ஆய்வு தொடங்கிய பின் மாற்றப்பட்டது. 2016இல் பிரித்தானியத் தீர்ப்பாயமொன்று தரவை வெளியிடச் சொன்னது; முதலில் எழுதிவைத்த வரம்பின்படி மற்றவர்கள் கணக்கிட்டபோது குணமடைந்தோர் விகிதம் பெரிதும் சரிந்தது. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம் 2021 வழிகாட்டியில் அந்த உடற்பயிற்சிச் சிகிச்சையைக் கைவிட்டது.

கோடலோடு சேர்த்து மற்றச் சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன: ஆட்களைச் சேர்ப்பதில் வருவது தெரிவுக் கோடல், பழையதை நினைவுகூர்வதில் வருவது நினைவுக் கோடல், அளப்பதில் வருவது அளவீட்டுக் கோடல். பலன் காணாத ஆய்வு மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்துபோவது வெளியீட்டுக் கோடல். அதற்கும், இடையில் வரம்பை மாற்றுவதற்கும் கடிவாளம், எதை அளக்கப் போகிறோம் என்பதை ஆய்வு தொடங்குமுன் பகிரங்கமாகப் பதிவது. இலங்கையில் சிகிச்சைப் பரிசோதனைகளுக்கு அத்தகைய பதிவேடு 2006 முதல் இருக்கிறது.